கரை மாறிய கணக்கு

மார்ச் 3

அன்புத் தம்பிக்கு,

அம்மாவுக்கு முழங்கால் வலி குறைஞ்சதா? போன் பண்ணினா "நல்லா இருக்கேன்"னு ஒரே பாட்டு.

நம்ம அறிக்கை போயிடுச்சு. இத்தனை வருஷம் நீ சேத்துல நின்னு எண்ணி அனுப்பினதை என் கணித மாடல்ல போட்டா, கோடு சமமா ஓடுது. ஆலாப் பறவை குறையலை. சதுப்புல ரோடு போடலாமான்னு இதை வச்சுத்தான் முடிவு பண்ணப் போறாங்க. ஒண்ணுதான் புரியலை. மழையே இல்லாத வருஷத்துலகூட எண்ணிக்கை எப்படிடா அசையாம இருந்துது?

உன் அக்கா

மார்ச் 11

அக்காவுக்கு,

அம்மா நடக்கிறாங்க. என்னைத் திட்டுற அளவுக்குத் தெம்பும் வந்தாச்சு.

எண்ணிக்கை எப்படி அசையும்? கிழக்குக் கரையில ஆலா குறைஞ்சதும் மேற்கே போய் எண்ணினேன். அங்கேயும் குறைஞ்சதும் மதகுத் திட்டுக்குப் போனேன். மிச்சம் இருக்கிறதெல்லாம் இப்போ அங்கேதான் கும்பலா இருக்கு. முதல்ல கிழக்கே ஒண்ணுமே இல்லைன்னு வெறும் தாள் அனுப்பினப்ப "தூங்கிட்டியாடா"ன்னு கேட்டது நீதானே.

தம்பி

மார்ச் 17

தம்பி,

தலையில இடி விழுந்த மாதிரி இருக்கு. நீ ஒரே இடத்துல நின்னு எண்ணினேன்னுதான் மாடல் நம்பியிருக்கு. ரெண்டு கரையும் காலியாயிருக்கு, நான் குறையலைன்னு எழுதிக் கொடுத்திருக்கேன்.

அறிக்கையைத் திரும்ப வாங்கணும்தான். ஆனா அடுத்த மாசம் என் பதவி உயர்வுக்கு நேர்காணல். அதுவரைக்கும் வாயைத் திறக்காதே, கண்ணு. முடிஞ்சதும் நானே சொல்லிடறேன்.

அக்கா

மார்ச் 22

அக்கா,

அதுவரைக்கும் தாங்காது. திட்டு வழியாவே ரோட்டுக்கு அளந்து கல் நட்டுட்டாங்க. மதகுத் திட்டுல ஆலா தரையிலேயே முட்டை வச்சிருக்கு. தப்பு முழுக்க என்னோடதுன்னே எழுது, கவலையில்லை. இன்னைக்கே எழுது. உன் கால்ல விழுறேன்.

தம்பி

மே 9

அக்காவுக்கு,

பதவிக்கு ஆலாப் பறந்தே, கிடைச்சிடுச்சாமே. அம்மா தெரு முழுக்கச் சொல்லிட்டு வந்தாங்க.

உன் திருத்தமும் பார்த்தேன். "களப்பணியாளரின் கவனக்குறைவு." எழுதச் சொன்னதே நான்தான், அதுல கோபம் இல்லை. திட்டு மேல மண்ணைக் கொட்டி முடிச்ச பிறகு எழுதினே பாரு, அதுதான் வயிறெரியுது. முட்டையோட மூடிட்டாங்க. தாய்ப் பறவைங்க ரெண்டு நாள் மேலேயே சுத்திக் கத்திட்டு எங்கேயோ போயிடுச்சு.

அம்மாகிட்ட எதுவும் சொல்லலை. அவங்க சந்தோஷத்தைக் கெடுக்க மனசு வரலை. அவங்களைப் பார்க்க வர்றதா இருந்தா முன்கூட்டியே தகவல் சொல்லு. அன்னைக்கு நான் வீட்டுல இருக்க மாட்டேன்.