தோற்று வந்தவருக்குக் கட்டிய மாலை

இன்று காலை பூ மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன். சம்பங்கிக் கூடைகளைக் கவிழ்த்துக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த வாசம் ஏறியதும் கால் நகரவில்லை. "என்னக்கா வேணும், உதிரியா மாலையா?" என்று கடைக்காரர் கேட்டார். எதற்கு வந்தேன் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

தொண்ணூறுகளின் கடைசியில் நீங்கள் இந்தியக் கால்பந்து அணிக்குப் பயிற்சியாளர் ஆனீர்கள். வீட்டு ஃபேனைக் கழற்றி மாட்டத் தெரியாத மனுஷன் நாட்டு அணியை வைத்து என்ன செய்யப்போகிறாரோ என்று கேலி செய்தேன். "ஃபேன் நான் சொன்னாக் கேக்காது, பயலுக கேப்பாங்கெ புள்ள" என்றீர்கள். விடுமுறைக்கு வந்தாலும் உங்களுக்கு அதே நினைப்புதான். வெஞ்சனக் கிண்ணங்களைத் தட்டைச் சுற்றி நகர்த்தி, யாரை எங்கே நிறுத்துவது என்று பார்த்துக்கொண்டிருப்பீர்கள். ரசம் ஆறிப்போகும்.

அந்தக் கடைசித் தொடரில், கடைசி ஆட்டத்தைச் சமன் செய்தாலே போதும் என்றார்கள். முகூர்த்த நாட்களில் பூவுக்கு அடிபிடி என்பதால், நம் ஊரில் ஆள் ஜெயிக்கும் முன்பே மாலைக்குச் சொல்லிவிடுவார்கள். பள்ளியில் உங்களோடு பந்து விளையாடிய சவரி, ஆளுயரச் சம்பங்கி மாலைக்குச் சொல்லிவைத்தார். ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் நம் வலையில் ஒரு கோல் விழுந்து தோற்றோம். எல்லோரும் கோல்கீப்பரைத் திட்டினார்கள். "அவனை இறக்கினது நான், தப்பு என்னுது" என்று நீங்கள் பேட்டி கொடுத்தீர்கள். ஊர் வந்து சேரும் முன்பே உங்கள் பதவி போய்விட்டது.

சவரி அப்படியும் மாலையோடு ரயிலடிக்கு வந்துவிட்டார். வேண்டாம் என்று கூட வந்தவர்கள் தடுத்தார்கள். "அவனுக்குன்னு கட்டுனத வேற யாருக்குலே போடுறது?" என்றார். நீங்கள் பையோடு இறங்கினீர்கள். சவரி குள்ளம். கையைத் தூக்கிப் பார்த்தார், எட்டவில்லை. "ஏலே, செத்த குனி" என்றார். குனிந்த நீங்கள் நிமிரவே இல்லை. பூவில் சொட்டிய கண்ணீரைப் பக்கத்தில் நின்ற நான் மட்டும் பார்த்தேன்.

அதன்பின் வந்த வருடங்கள்தான் என்னைக் கொன்றன. போன் அடித்தால் நீங்கள் எடுக்க மாட்டீர்கள். என்னை எடுக்கச் சொல்லிவிட்டு என் முகத்தையே பார்ப்பீர்கள்.

"டெல்லியில இருந்தா?"

"இல்லங்க, எரியோட்டுல இருந்து எங்கண்ணன்."

"அப்படியா. நல்லாருக்காராமா?"

அத்தனை ஏமாற்றத்திலும் என் அண்ணனை நலம் விசாரிப்பீர்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியாது. டெல்லிக்காரர்கள் அணிக்குத் திரும்பக் கூப்பிடுவார்கள் என்று அம்புட்டு நம்பினீர்கள். அவர்கள் கூப்பிடவே இல்லை. எனக்கு இன்றும் அவர்கள் மேல் ஆத்திரம் அடங்கவில்லை. உங்களுக்கு அந்த ஆத்திரமாவது வந்திருக்கலாம். எல்லாவற்றையும் நெஞ்சுக்குள்ளேயே வைத்துக்கொண்டீர்கள், ஒருநாள் அதுவும் நின்றுவிட்டது.

அன்றும் சவரிதான் மாலை கொண்டுவந்தார். உங்களைக் குனியச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அதை நினைத்துத்தான் அவர் அப்படி அழுதார்.

கடைக்காரரிடம் மாலையே வாங்கி வந்தேன். மகன் உங்கள் படத்தை உயரத்தில் மாட்டியிருக்கிறான். நுனிக்காலில் நின்று பார்த்தேன், எட்டவில்லை. வீட்டில் யாரும் இல்லை.

"ஏங்க, செத்த குனிங்க" என்று சொல்லிவிட்டேன்.

அப்படியே கீழே உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். மாலை இன்னும் என் மடியில் இருக்கிறது.