சிந்தாத வாளி

அன்பு மகளுக்கு,

இங்கே மூவரும் சுகம், கப்பலில் நீயும் சுகம் என்று உன் கையால் எழுதி வந்தால்தான் எங்கள் சுகம் முழுசாகும். எழுத்து என்னுடையது இல்லையே என்று பயப்படாதே, நூலகத்தில் படம் மாட்டும்போது ஏணியிலிருந்து வழுக்கி வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது, எலும்புக்கு ஒன்றுமில்லை. நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். தன் பேச்சு வருகிற இடத்தில் பேனாவை வைத்துவிட்டு, இது வேண்டாம்மா என்கிறாள். ஏற்கெனவே இரண்டு வரியை விழுங்கியிருந்தாள், வாங்கிப் படித்துப் பார்த்துத் திரும்ப எழுத வைத்தேன்.

நூலகத்தில் பெண்கள் சாதனைக் கண்காட்சி வைத்தார்கள். இந்த ஊரில் முதன்முதல் டிராம் ஓட்டியவள், வெள்ளம் புகுந்தபோதும் மேஜைமேல் ஏறி உட்கார்ந்து தந்தி அடித்தவள், இப்படிச் சுவர் முழுக்கப் பெண்கள். எல்லாரையும் துடைத்து மாட்டியது நான்தான். ஓரத்தில் ஒரு ஆணி சும்மா இருந்தது, இன்ஜின் அறையில் நீ முகமெல்லாம் எண்ணெயோடு சிரிக்கிற படத்தை அதில் மாட்டிவிட்டேன். இவங்க எந்தக் காலத்து ஆளு என்று நூலகர் அம்மா கேட்டார், நான் பெத்த காலத்து ஆளுங்க என்றேன். சிரித்துவிட்டு, இருக்கட்டும் என்று போய்விட்டார். உன் அத்தைக்குத்தான் பொறுக்கவில்லை, நல்லதா உடுத்தின படம் ஒண்ணு கிடைக்கலியா, அடுப்புல புரண்ட பூனை மாதிரி இருக்காளே என்றாள். மினுக்கிக்கிட்டா இன்ஜினுக்குள்ள கைவிடுவா என்று கேட்டேன்.

கடைசி நாள் பெண்பிள்ளைகளுக்கு வேலைகளைப் பற்றிச் சொல்லப் பலர் வந்தார்கள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற ஒரு அம்மாள், பழகுவதற்கான சின்ன கிரேனை முற்றத்தில் நிறுத்தியிருந்தார். கொக்கியில் விளிம்பு வரை தண்ணீர் நிரம்பிய வாளி, அதை மூன்று கம்பங்களைச் சுற்றிக் கொண்டுபோய் இறக்க வேண்டும். வேடிக்கை பார்க்க வந்து நான் நீ என்று முந்திய பையன்களெல்லாம் பாதி வாளியோடு திரும்பினார்கள். நான் இவளை, உன் தங்கையை, பிடித்துத் தள்ளினேன். உனக்குத் தெரியாதா, ஒன்பதாம் வகுப்பில் எழுந்து நின்று படிக்கச் சொன்னபோது குரல் வராமல் வகுப்பே சிரித்ததிலிருந்து பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள், கடையில்கூட வாய்திறந்து கேட்காமல் கைகாட்டிச் சாமான் வாங்குகிற வாயில்லாப்பூச்சி. அவள் அந்த ஆசனத்தில் உட்கார்ந்ததும் எனக்கு வேறு யாரையோ பார்ப்பதுபோல் இருந்தது. அவசரமே இல்லை. வாளி ஆடினால் அது ஆடுகிற பக்கமே கொக்கியையும் கொஞ்சம் நகர்த்தி, ஆட்டம் அடங்கும்வரை காத்திருந்து, பிறகுதான் மேலே போனாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. முற்றமே கைதட்டியது, என் வீங்கிய கையாலும் தட்டினேன். மேல ஏறிட்டா உன்கூட யாரும் பேச மாட்டாங்க, கீழ நிக்கிறவர் கை காட்டுவார், அதைப் பாத்து ஓட்டினாப் போதும் என்றார் அந்த அம்மாள். நாள் பூராவுமா என்று இவள் கேட்டாளே பார்க்கலாம்! முன்பின் தெரியாத ஒருவரிடம் இவளாகக் கேட்டதை அன்றுதான் பார்த்தேன்.

துறைமுகப் பயிற்சிக்கு எட்டாம் வகுப்பு போதுமாம். அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை மூன்று பேர் முன்னால் நின்று பெயர் சொல்லி, ஏன் இந்த வேலை வேண்டும் என்று சொல்ல வேண்டும். அங்கேதான் சிக்கல். வாளியைத் தூக்கச் சொல்லட்டும், பேச மட்டும் முடியாது என்கிறாள். உன் அப்பா வேறு, மாடியில துணி காயப்போடவே எனக்குத் தலை சுத்துது, இவ அவ்வளவு உயரம் ஏறுவாளா என்கிறார். உங்களை யாரு ஏறச் சொன்னது என்று அவரை அடக்கிவிட்டேன், இவளை அதட்டிப் பயனில்லை. சரி, அவள் போகமாட்டாளாம் என்று அக்காவுக்கு எழுது என்றேன்.

<s>அவள் போகமாட்டாளாம்.</s>

எழுதினாள். ஆட்டம் அடங்கட்டும் என்று சும்மா இருந்தேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளேதான் அந்த வரியைக் கோடு போட்டு அடித்தாள்.

நீ நன்றாக இரு, எடுத்த காரியமெல்லாம் உன் கைக்கு அடங்கட்டும். இன்ஜின் சத்தத்துக்குக் காதில் பஞ்சு வைக்க மறக்காதே. துறைமுகம் சேர்ந்ததும் வீட்டுக்குக் கூப்பிடு, தங்கையைப் பேசு பேசு என்று படுத்தாதே, நீ பேசு, அவள் கேட்டுக்கொள்வாள்.

உன்னையும் இவளையும் பெற்றவள்,
அம்மா

அக்கா, அம்மா பார்க்காதபோது எழுதுகிறேன். அன்றைக்கு இரண்டு சொட்டு சிந்தியது. அதை அம்மா எழுதவிடவில்லை. அந்தத் திங்கட்கிழமை போகிறேன்.