ஊசியை நிறுத்தச் சொன்னவர்களின் இரங்கல்

நம் தெருமுனையில் இன்று காலை ஒரு ஃபிளெக்ஸ் கட்டியிருக்கிறார்கள். புது மை நாற்றம் இன்னும் போகவில்லை. கண்ணீர் அஞ்சலி என்று போட்டு நடுவில் உன் படம். கீழே அந்தத் தியான சபையின் பெயர். ‘எங்கள் அன்புச் சகோதரி’யாம் நீ. என்ன அருவருப்பு!

ஜேடர்பாளையத்தில் நடத்திய தியான முகாமில் உன் அம்மாவின் சர்க்கரை ஊசியை நிறுத்தச் சொல்லி, தீர்த்தம் கொடுத்து அனுப்பிய அதே சபை. அம்மாவுக்கு ஒரு காலை எடுக்க வேண்டியதாயிற்று. நடந்ததை நடந்தபடி நீ ஃபேஸ்புக்கில் எழுதினாய். ஒரு வசவு கிடையாது. மதத்தைப் புண்படுத்திவிட்டாய் என்று குதித்தார்கள். பகிர்ந்தவர்களின் வீடு தேடிப் போய், குருவின் படத்துக்கு முன்னால் நிறுத்தி மன்னிப்பு வீடியோ எடுத்தார்கள். தறிக்காரர் ஒருவர் அழுதுகொண்டே கேட்ட மன்னிப்புக்குப் பக்திப் பாட்டு சேர்த்து ஊரெல்லாம் அனுப்பினார்களே, அந்த அசிங்கத்தை எப்படி மறப்பது?

நீ கத்தவில்லை. "சாமி மேல எனக்கென்ன கோவம் புள்ளே? எங்கம்மா காலுக்கு ஆரு பதில் சொல்றது?" என்றாய். பிறகு உட்கார்ந்து தெருவில் ஒவ்வொருவருக்காகப் போன் செய்தாய். ஒருவர் இருவர் பகிர்ந்தால்தானே வீடு தேடி வருவார்கள். எல்லோரும் ஒரே நாளில் அவரவர் பெயரில் போடுவோம் என்பது உன் யோசனை.

அந்த வாரம்தான் சபைக்காரர் ஒருவர், உன் பதிவை ரிப்போர்ட் அடிக்கச் சொல்லும் செய்தியைத் தவறிப்போய் நம் தெருவின் குடிதண்ணீர் வாட்ஸப் குழுவில் போட்டார். ‘ரிப்போர்ட் செய்தவர்கள் கும்பிடு போடவும்.’ நம் ஆட்கள் எதையும் படிக்காமலே கும்பிடு போடுகிறவர்களாயிற்றே! கைகூப்பும் பொம்மை வரிசையாக விழுந்தது. அதில் ஒன்று உன்னுடையது. வயிறு வலிக்கச் சிரித்தோம். ஆனால் பயந்து கிடந்தவர்களுக்கும் அன்றுதான் விளங்கியது, புண்பட்டதாகச் சொன்ன கூட்டம் ஏவிவிட்ட கூட்டம் என்று. ஞாயிற்றுக்கிழமை தெருவே உன் பதிவைப் போட்டது. அதன்பின் யார் வீட்டுக்கும் அவர்கள் வரவில்லை.

இப்போது நீ மாரடைப்பில் போய்க் கருமாதிகூட ஆகவில்லை. சபையினர் உன் வீட்டுக்காரரிடம் துக்கம் விசாரிக்க வந்திருக்கிறார்கள். அந்தப் பதிவு இருக்கும்வரை உன் ஆத்மா சாந்தியடையாதாம். இழவு வீட்டில் வந்து பேசுகிற பேச்சா இது! பாவம், அவர் என்னிடம் வந்து நின்றார். உன் ஃபேஸ்புக் பக்கத்தின் கடவுச்சொல்லை என்னிடம்தானே கொடுத்திருந்தாய்.

"ஏனுங்க அம்மிணி, அதெ எடுத்துருங்களேன். போனவளுக்கு எதுக்குங்க பொல்லாப்பு?"

"அவ அம்மா உங்க ஊட்டுலதானுங்களே இருக்காங்க? அவங்களக் கேட்டீங்களா?" என்றேன்.

அவர் திரும்பி வீட்டுக்கு நடந்தார். நான் எதையும் எடுக்கவில்லை. உன் பதிவை மறுபடியும் என் பெயரில் பகிர்ந்தேன். சாயங்காலம் பார்த்தால் அதன் கீழே உன் வீட்டுக்காரர் எழுதியிருக்கிறார்: ‘என் மாமியாருக்கு நடந்தது இதுதான். நான் சாட்சி.’

இனி சபைக்காரர்கள் அவர் வீட்டுக்குத்தான் முதலில் போவார்கள். உன் நிதானம் எனக்கு வராது, புள்ளே. என்னிடம் இருப்பது இந்த அருவருப்பு மட்டும்தான். அதை வைத்துக்கொண்டே தெருவில் ஒவ்வொருவருக்காகப் போன் செய்துகொண்டிருக்கிறேன்.