துணிக்கு அடியில் நின்ற கார்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மைத்துனன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று தொடங்குவதுதான் முறை. நலமாக இருப்பது நானும் என் வீட்டுக்காரியும்தான். என் தங்கையைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். முதலில் உங்களுக்கு ஒரு வாழ்த்து. போன மாதம் தலைமை அலுவலகத்திலிருந்து கடல் தாண்டி வந்து, நீங்கள் சுற்றிச் சுற்றிப் பார்த்து மெச்சிவிட்டுப் போனீர்களே, அந்தப் புதுக் காரின் களிமண் மாதிரியை அளவெடுத்து முடித்துவிட்டார்கள். அடுத்தது தகடு அடிக்கும் அச்சு வெட்ட வேண்டியதுதான். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். போனில் நீங்கள் குறுக்கே பேசுவீர்கள். கடிதமென்றால் நான் முடிக்கும்வரை கேட்டுத்தான் ஆகவேண்டும்.

வடிவமைப்புப் பிரிவுக்குத் தலைவராக வந்த நாளிலிருந்து உங்கள் வாயில் ஒரே மந்திரம். யாருக்கும் பிடிக்காமல் போய்விடக் கூடாது. யாருக்காவது பிடிக்க வேண்டும் என்று நீங்கள் சொல்லி நான் கேட்டதே இல்லை. சின்னக் கார், நடுத்தரக் கார், பெரிய கார் எல்லாவற்றுக்கும் ஒரே முகம், ஜெராக்ஸ் கடையில் கொஞ்சம் பெரிசு பண்ணிக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கியதுபோல. ஒரு பத்திரிகைக்காரர் தேய்ந்த சோப்புக்கட்டி என்று எழுதினார். அதை நீங்கள் மீட்டிங்கில் வாசித்துக் காட்டி, நம் கார்களின் மென்மையைப் பாராட்டியிருக்கிறார் என்றீர்கள். எல்லோரும் கை தட்டினார்கள். நானும்தான் தட்டினேன், கார் மாதிரி செய்த களிமண் ஒட்டிய கையோடு.

நம் கம்பெனியில் கார் என்று சொல்லும்படி ஒரே ஒரு கார் பிறந்தது. அதை வரைந்தவள் என் தங்கை, உங்கள் மனைவி. முன் விளக்குக்கு மேலே தொடங்கி, கதவுகள் வழியாக மெல்ல ஏறி, பின் சக்கரத்தைத் தாண்டியதும் சட்டென்று சரிகிற ஒரு கோடு. அதைக் களிமண்ணில் கொண்டுவர நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கொண்டுவந்த பிறகு, நாங்கள் மாதிரி செய்யும் கூடத்தைக் கூட்ட வந்த அம்மாள்கூடத் துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு நின்று பார்த்தார். நீங்களும் பார்த்தீர்கள். இருபது பேர் முன்னால் என்னிடம் சொன்னீர்கள்.

"அந்தக் கோட்டை எடுத்துடுங்க மச்சான். பாக்கிறவங்க பயந்துடுவாங்க."

நான் அசையவில்லை. உங்கள் பேச்சைக் கேட்க வேறு கைகள் எத்தனையோ இருந்தன. ஒருவன் சுரண்டியை எடுக்கவும் போனான். அப்போதுதான் அவள் வாயைத் திறந்தாள். "நீயே எடுத்துடு அண்ணா. வேற யாரும் அது மேல கை வைக்க வேண்டாம்." நான் சுரண்டினேன். அவள் கடைசிவரை நின்று பார்த்தாள். நீங்கள் பாதியிலேயே போனில் பேசிக்கொண்டு வெளியே போய்விட்டீர்கள். அந்த வாரமே அவள் வேலையை விட்டாள், உங்களுக்குப் பதவி உயர்வு வந்தது. நீங்கள் விமானம் ஏறினீர்கள். அவள் ஒரு பெட்டியோடு எங்கள் வீட்டுப் படியேறினாள்.

அன்றைக்கே உங்களை மண்ணைக் கவ்வ வைப்பதென்று முடிவு செய்துவிட்டேன். எப்படி என்பதுதான் தெரியவில்லை. கடைசியில் வழி காட்டியவை உங்கள் கார்களேதான். ஒருநாள் மார்க்கெட் வாசலில் காய்கறிப் பையோடு என் காரின் கதவைத் திறந்து உட்கார்ந்தேன். பக்கத்து சீட்டில் யாரோ ஒரு அம்மாள். அவர் போட்ட கூச்சலில் ஊரே கூடிவிட்டது. அது அவருடைய கார். கம்பெனியில் என்னை மண்ணாங்கட்டி என்று கூப்பிடுகிறார்கள், இந்தக் கார்களை இத்தனை வருடம் கையால் தடவித் தடவிச் செய்தவன் நான். எனக்கே என் கார் தெரியவில்லையென்றால், ஏசி அறையில் உட்கார்ந்து உத்தரவு போடும் உங்களுக்கு என்ன தெரியும் என்று தோன்றியது.

போன மாதம் நீங்கள் வந்த அன்று கூடத்தில் துணி போர்த்தி நின்றது உங்கள் புதுக் கார் இல்லை, மாப்பிள்ளை. அது பழைய நடுத்தரக் காரின் மாதிரி. குடோனில் தூசி படிந்து கிடந்ததை இழுத்து வந்து, துடைத்து, பெயின்ட் அடித்ததுபோலத் தெரிய வெள்ளித்தாள் ஒட்டி, சக்கர மூடியை மட்டும் மாற்றி நிறுத்தினேன். பிறகு அளவெடுத்ததும் அதைத்தான். எங்கள் கூடத்துப் பெயின்ட்காரருக்கு மட்டும் தெரியும். அவர் சிரிப்பை அடக்க முடியாமல் கழிவறைக்குப் போய்விட்டார்.

துணியை விலக்கினேன். நீங்கள் இரண்டடி பின்னால் போய் நின்றீர்கள், தலையைச் சாய்த்தீர்கள். நான் துணியை மடித்தேன். பிறகு கம்பெனிப் பெரியவர்கள் பக்கம் திரும்பிச் சொன்னீர்கள். "இதுதான் அடுத்த தலைமுறை. பழசைப் பக்கத்துல நிறுத்தினா தாத்தா மாதிரி தெரியும்."

பழைய கள் புது மொந்தை என்பார்கள். இங்கே மொந்தையும் பழசு. எனக்கு வயிறு குளிர்ந்தது. வீட்டுக்கு வந்து இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். என்ன விசேஷம் என்று என் வீட்டுக்காரி கேட்டாள், சொல்லவில்லை.

இப்போது உங்கள் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அச்சு வெட்டிவிட்டால், உங்கள் கம்பெனி பழைய காரையே புதிதென்று விற்கும். வெளியீட்டு நாளன்று எவனாவது ஒருவன் இரண்டையும் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்துப் போட்டால், அடுத்த தலைமுறை என்று நீங்கள் சொன்னதை ஊரே சொல்லிச் சிரிக்கும். உங்கள் நாற்காலி போய்விடும். வெட்டுவதற்கு முன்னால் நிறுத்தினால் தப்பிக்கலாம். என்ன காரணம் சொல்வது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், வார்த்தைக்கு உங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் வேறு கார் எங்கே என்று கேட்பார்கள். ஒன்று இருக்கிறது. எங்கள் கூடத்தின் பின்னறையில், கறுப்புத் துணிக்கு அடியில். உங்கள் புதுக் காருக்கென்று கொடுத்த மண்ணில், லீவு நாளெல்லாம் வந்து திரும்பச் செய்தேன். என் தங்கையின் கார்.

பயந்துவிடுவார்கள் என்ற அதே வாயால், அந்தக் கோடுதான் வேண்டும் என்று நீங்கள் அந்தப் பெரியவர்கள் முன்னால் சொல்ல வேண்டும். வரைந்தது யார் என்றும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், அன்று துணிக்கு அடியில் நின்றது எதுவென்று நான் சொல்வேன். மாதிரியை மாற்றியவனுக்கு வேலை போகும், தெரியும். போகட்டும். மண் பிசைந்த கைக்குச் சுவர் பூசுகிற வேலையாவது கிடைக்கும். பழசுக்கும் புதுசுக்கும் வித்தியாசம் தெரியாத கண்ணுக்கு யார் வேலை கொடுப்பார்கள்?

ஒரு சிக்கல் உண்டு. காரின் பின்பக்கம் எனக்குப் பிடிபடவில்லை. கோடு சரிகிற இடம் ஒவ்வொரு முறையும் செத்துப் போகிறது. அவள் கை பட்டால்தான் உயிர் வரும். அவளோ பாடப்புத்தகத்துக்கு ஆப்பிளும் குடையும் வரைந்துகொண்டிருக்கிறாள். நான் பேச்செடுத்தால் விடு அண்ணா என்கிறாள். எடுக்கச் சொன்னவர்தான் திரும்பப் போடச் சொல்லிக் கேட்க வேண்டும்.

அவளைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன் என்றேன் அல்லவா. அவள் வேலை செய்வது முன்னறையில், ஜன்னலோரம். ஊரில் பாதிப் பேர் நம் கம்பெனியின் சாம்பல் நிறக் காரைத்தான் வைத்திருக்கிறார்கள், இங்கே இருந்தபோது நீங்கள் ஓட்டியதும் அதைத்தான். எதிர்வீட்டு டாக்டர், மாடியில் டியூஷன் எடுக்கும் டீச்சர், கேஸ் அடுப்பு பழுது பார்க்க வருகிறவர், எல்லோரும். அந்தக் கார் ஒன்று தெருவில் வந்து நிற்கும்போதெல்லாம் அவள் பென்சிலைக் கீழே வைக்கிறாள். எழுந்து எட்டிப் பார்க்கிறாள். யாரோ இறங்குகிறார்கள். திரும்பி வந்து உட்காருகிறாள். என் வீட்டுக்காரி திரை தைத்து மாட்டிப் பார்த்தாள். சத்தமும் ஒரே மாதிரி என்பதால் பிரயோஜனமில்லை. போன மாதம் நீங்கள் இந்த ஊரில் இருந்த இரண்டு நாளும் அவள் ஜன்னலை விட்டு நகரவில்லை. ஹோட்டலிலிருந்து எங்கள் வீட்டுக்கு அரை மணி நேரம்கூட ஆகாது. நீங்கள் வரவில்லை. உங்கள் கார் மட்டும் வந்துகொண்டே இருந்தது.

கோட்டை எடுக்கச் சொன்னதைக்கூட ஒருநாள் மறந்துவிடுவேன், மாப்பிள்ளை. இதை மறக்க மாட்டேன்.

நீங்கள் நோய்நொடி இல்லாமல், நல்ல கண்பார்வையோடு நெடுநாள் இருக்க வேண்டும். வந்தால் கதவைத் திறப்பதும் திறக்காததும் அவள் இஷ்டம், நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வாசல்வரை காரில் வராதீர்கள். வந்தது நீங்கள்தான் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? தெருமுனையிலேயே இறங்கி, நடந்து வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்,
மண்ணாங்கட்டி