போட் பாக்கப் போறோம்

ஸ்பிரிட் வாசனை இன்னும் விரலில் இருக்கிறது. இப்போதுதான் கண்ணாடியைத் துடைத்து வைத்தேன். அறுவைச் சிகிச்சைக்கு முன் பிள்ளைகள் பயப்படாமல் இருக்க நான் நர்ஸாக இருக்கும் வார்டுக்கு வந்திருக்கும் வி.ஆர். கண்ணாடி. மாட்டினால் சுற்றிலும் கடல், நடுவில் ஒரு படகு. நீ கண்ணை மூடி மூன்று வருடமாகியும் அந்தப் படகைப் பார்த்தால் உன் ஞாபகம்தான் தங்கச்சி. வராமல் எங்கே போகும்?

அப்போது உனக்கு ஆறு வயது, டான்சில் ஆபரேஷன். நீ அழுது ஊரைக் கூட்டுவாய் என்று பயந்து, சொல்லும் வேலையை அம்மா என் தலையில் கட்டினார். "தஞ்சோங் டாவாய்க்கு போட் பாக்கப் போறோம்டி" என்றேன். பாடாங் செராயிலிருந்து வேனில் பாடிக்கொண்டே வந்தாய். மருத்துவமனை வாசலில் பாட்டு நின்றது. உன்னை உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது கையை நீட்டினேன். நீ உன் கையை இழுத்துக்கொண்டாய். அதற்குப் பிறகு நான் சோறு வெந்துவிட்டது என்றால்கூடப் பானையைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் உட்காருவாய், கழுதை.

வளர்ந்த பிறகு, இன்னும் கோபமா என்று கேட்டேன். "சொல்லியிருந்தா அழுதிருப்பேன் லா. ஆனா உன் கையப் புடிச்சிக்கிட்டு அழுதிருப்பேன்" என்றாய்.

இன்று காலை குருணிலிருந்து ஒரு சிறுமி, அதே வயது, அதே டான்சில். அவள் அம்மா என்னை ஓரமாக இழுத்தார்.

"மிஸ்ஸி, ஆபரேஷன்னு சொல்லிடாதீங்க. கேம் விளையாட வந்திருக்கோம்னு சொல்லி வச்சிருக்கேன்."

கண்ணாடியை மாட்டிவிட்டால் வேலை சுலபம். "எழுந்ததும் தொண்டை வலிக்குமே, அப்ப என்னக்கா சொல்வீங்க?" என்றேன். மகளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "நீங்களே சொல்லிடுங்க" என்றார். மறுபடியும் என் தலையில்தான்.

சிறுமியிடம் கண்ணாடியைக் காட்டினேன். "இது படம்தாம்மா. ஆபரேஷன் நெஜம். நீ தூங்குற வரைக்கும் பக்கத்துலயே இருப்பேன்."

வீறிட்டாள். கண்ணாடியைத் தட்டிவிட்டாள். உள்ளேயிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். கெடுத்துவிட்டேனே என்றிருந்தது.

விம்மலுக்கு நடுவில், "அதப் போட்டா உங்களத் தெரியாதே" என்றாள்.

"கையப் புடிச்சிக்கோ."

தானே மாட்டிக்கொண்டாள். கடலுக்குள் போன பிறகும் இரண்டு தடவை "மிஸ்ஸி?" என்றாள். "இருக்கேன்" என்றேன். தூங்கும்வரை அழுகை நிற்கவில்லை, பிடியையும் விடவில்லை.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது. அவள் நகம் பதிந்த இடத்தில் ஸ்பிரிட் பட்டு எரிகிறது. எரியட்டும். அன்று நீ பிடிக்காமல் போன கை இதுதான்.