மூன்றாவது மீசை

போஸ்னான், அக்டோபர் 14

காஸ்பருக்கு,

'அன்புள்ள' போடவில்லை, கவனித்திருப்பாய். நம் பூனை மஸ்லான்காவைத் தூக்கிக்கொண்டு தோருனில் உன் அண்ணன் வீட்டுக்கு நீ போய் மூன்று மாதமாகிறது. கோபம் இன்னும் ஆறவில்லை.

ஆனாலும் ஓர் உதவி வேண்டும். பிளாஸ்டிக்கைக் கரைக்கும் எங்கள் ஆய்வக நொதி நல்ல படிகமாக மாட்டேன் என்கிறது. படிகம் இல்லாமல் எக்ஸ்ரேயில் அதன் உருவத்தைப் பார்க்க முடியாது. பூனை மீசையால் பழைய உதவாத படிகங்களின் பொடியைத் தொட்டு, புது நொதித் துளியில் ஒரு கோடு இழுத்தால் நல்ல படிகம் முளைக்கும். சிரிக்காதே, இந்தத் தொழிலில் பலரும் செய்வதுதான். பக்கத்து வீட்டுப் பூனையிடம் போனேன், கையைப் பிறாண்டிவிட்டது. பேராசிரியரோ, "மஸ்லான்காவோட மீசையில எல்லாம் நல்லாத்தானே வந்துச்சு? அதையே கொண்டா!" என்று ஒரே பிடிவாதம்.

எக்ஸ்ரே எடுக்க எங்களுக்குக் கொடுத்த நாள் நவம்பர் 6. தவறினால் என் இரண்டு வருட உழைப்பும் போச்சு. தானாக உதிர்ந்த மீசை மூன்று அனுப்பு. வக்கீல் உனக்கு அனுப்பிய விவாகரத்துத் தாளிலும் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடு.

போக்னா


தோருன், அக்டோபர் 19

அன்புள்ள போக்னா,

நான் போட்டிருக்கிறேன், பார்த்துக்கொள். மூன்று மாதம் கழித்து ஒரு கடிதம், அதிலும் கேட்டது பூனையின் மீசை! கல்யாண நாளன்று நான் சுட்டுவைத்த வாத்து மேசையிலேயே ஆறிக்கிடந்தது. போன் செய்தால், "இரு, துளியில ஏதோ மினுங்குது" என்றாய். மினுங்கியது வெறும் உப்பு என்று மறுநாள் சொன்னாய். உப்புக்காக என்னை மறந்தவள் நீ.

மூன்று மீசை உறைக்குள் இருக்கிறது. சோபாவுக்கு அடியில் தவழ்ந்து பொறுக்கினேன். "என்ன தம்பி, தரையில நீச்சலா?" என்கிறாள் அண்ணி. தாளை எங்கோ வைத்துவிட்டேன், தேடுகிறேன்.

காஸ்பர்


போஸ்னான், நவம்பர் 2

காஸ்பர்,

முளைத்துவிட்டது! ஒரே ஒரு மீசையில்தான். மற்ற இரண்டிலும் ஒன்றுமில்லை. பேராசிரியர் குதிக்கிறார். மஸ்லான்காவுக்கு மீன் வாங்கிக் கொடு.

தாள் கிடைத்ததா?

போக்னா


தோருன், நவம்பர் 4

அன்புள்ள போக்னா,

திட்டாதே. மூன்று கேட்டாய், சோபாவுக்கு அடியில் கிடைத்தது இரண்டுதான். மூன்றாவது என் மீசை. கண்ணாடி முன் நின்று நானே வெட்டினேன். உன் கட்டுரையில் ஒரு பொய் ஏறிவிடக் கூடாதே என்றுதான் சொல்கிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தாள் தொலையவில்லை. என் தலையணைக்கு அடியில் இருக்கிறது. கையெழுத்துப் போட மனம் வரவில்லை.

காஸ்பர்


போஸ்னான், நவம்பர் 8

அன்புள்ள காஸ்பர்,

எனக்கா தெரியாது? மஸ்லான்காவின் மீசை வெள்ளை, விரல் நீளம். நீ அனுப்பியதில் ஒன்று கட்டை, செம்பட்டை. ஏழு வருடம் என் காப்பிக் கோப்பையில் மிதந்த சாமான்தானே அது! தெரிந்தேதான் எரிசாராயத்தில் கழுவி முதலில் அதை எடுத்தேன். முளைத்ததும் அதில்தான்.

எக்ஸ்ரேயில் நொதியின் உருவம் பளிச்சென்று வந்திருக்கிறது. பேராசிரியரிடம் உண்மையைச் சொன்னேன். "அட, அந்த மனுஷனையே கூட்டிட்டு வாம்மா, பூனை எதுக்கு!" என்கிறார்.

கட்டுரையில் எந்த மீசை என்று எழுதியாக வேண்டும். 'கணவரின் மீசை' என்று போட்டிருக்கிறேன். 'முன்னாள்' என்று சேர்க்க எனக்கும் மனம் வரவில்லை.

பதினொன்றாம் தேதி நம் ஊரில் மார்ட்டின் திருநாள். அன்றைக்கு வழக்கமாகச் சாப்பிடும் கசகசா ரொட்டிக்குச் சொல்லிவைத்திருக்கிறேன். இந்த முறை வாத்து நான் சுடுகிறேன், ஆறுவதற்குள் வந்துவிடு. பூனையைக் கொண்டுவா. அந்தத் தாள் அங்கேயே கிடக்கட்டும்.

உன்
போக்னா