ராமுத்தாயின் முழங்கால்

1932 பிப்ரவரி 8, தேவிகுளம்

ராமுத்தாய் இன்றும் தைலத்துக்கு வந்தாள். முழங்கால் இரண்டும் வீங்கியிருக்கின்றன. இந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு நான் நர்சாக வந்ததிலிருந்து அவளுக்குத் தேய்த்த தைலத்தில் ஒரு யானையையே குளிப்பாட்டியிருக்கலாம். பலன் பூச்சியம்.

மார்ச் முதல் மேல்காட்டில் தேயிலைக் கொழுந்து எடுப்பு. ஏற முடியாதவர்களின் பேரை வெட்டிவிடுவார்களாம். பேர் போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும். புருஷன் இல்லாதவள். எங்கே போவாள்?

பிப்ரவரி 10

சிறுநீரைப் பிடித்துத் தரச் சொன்னேன். கடுந்தேயிலை நிறம்.

"தண்ணி குடிக்கியா இல்லியா, ஏட்டி?"

"காலம்பற கஞ்சி. அப்பொறம் சாயந்தரந்தான், நர்சம்மா."

தண்ணீர் போதாவிட்டால் உப்பு கழியாமல் மூட்டில் தங்கும் என்று பெரிய டாக்டர் சொல்லியிருக்கிறார். பக்கத்திலேயே ஓடை ஓடுகிறது, சோம்பேறிக் கழுதை! திட்டி அனுப்பினேன்.

பிப்ரவரி 11

இன்றும் குடிக்கவில்லையாம்.

பிப்ரவரி 13

நானே தேயிலைக் காட்டுக்குப் போனேன். தண்ணீர்ச் செம்பை நீட்டினால் வாங்க மாட்டேன் என்கிறாள். மற்றப் பெண்களும் தலையைக் குனிந்துகொண்டார்கள். கடைசியில் காதோடு சொன்னாள்: "குடிச்சா ஒதுங்க எங்க போறது? செடி இடுப்பளவுதான். மேட்டுல கங்காணி நிக்காக. கீழ கவாத்து வெட்டுற ஆம்பிளைக."

அட பாவமே — ஒருத்தியுமா குடிக்கிறதில்ல? பொழுது சாயுற வரைக்குமா? நானும் பொம்பளதானே, இது எனக்கு ஏன் தோணல? வெட்கமாக இருக்கிறது.

பிப்ரவரி 14, ஞாயிறு

கோயிலில் ஆராதனை முடிந்து கங்காணி பெரியமுத்துவைப் பார்த்தேன். பெண்கள் ஒதுங்க நேரமும் மறைவும் வேண்டும் என்றேன்.

"கொழுந்து கொறயும், நர்சம்மா. தொரைக்கு யாரு பதில் சொல்லுவா?"

"முட்டு வீங்கிப் படுத்துட்டா மட்டும் கொழுந்து கூடுமா, அண்ணாச்சி? ஒங்க வீட்டுக்காரியும் தைலம் வாங்கிட்டுப் போறாளே, அவளும் அந்தக் காட்டுலதான நிக்கா?"

மனுஷன் தலைப்பாகையை இறுக்கிக்கொண்டு, "பாக்கேன்" என்று நடந்தார்.

பிப்ரவரி 17

பெண்கள் வழி கண்டுபிடித்துவிட்டார்கள். மழைக்குப் போர்த்தும் கம்பளியை இரண்டு பேர் விரித்துப் பிடிக்க, ஒருத்தி அதற்குப் பின்னால். ஆண்களைப் பாறைக்கு அந்தப் பக்கம் அனுப்பியிருக்கிறார் கங்காணி. தானும் முதுகைக் காட்டி விறைப்பாக நின்றார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

பிப்ரவரி 25

வீக்கம் கொஞ்சம் வற்றியிருக்கிறது. குந்தி எழும்போது இன்னும் முனகுகிறாள். தண்ணீர் ஒன்றே எல்லாவற்றையும் சரிசெய்துவிடாது, தெரியும். மேல்காடு செங்குத்து. பயமாகத்தான் இருக்கிறது.

மார்ச் 1

ராமுத்தாய் ஏறிவிட்டாள். கடைசி ஆளாக, மெதுவாக. பேர் நிற்கும் என்று கங்காணியே சொன்னார்.

சாயந்தரம் கொழுந்தை எடைபோட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். வாசலில் கங்காணியும் ஆட்களும் நின்றிருந்தார்கள். உட்காரச் சொன்னேன்.

"குடிக்கத் தண்ணி குடுங்க, நர்சம்மா" என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி.

அவர்கள் முன்னாலேயே ஒரு செம்பு குடித்தாள். இன்னொரு செம்பு கேட்டாள்.